எங்கள் தோட்டத்துப் பொதுக்கூடத்துக்குக் கைகொடுங்கள்

அன்புடையீர்,

எங்கள் தோட்டத்து நடையின் அகலம் பைப்படிக்குப் பக்கத்தில் 3 அடி 10 அங்குலம். எத்தனை தலைமுறையாக இதில் நடந்து திரிகிறோம், ஆனாலும் இந்த அளவு போன வருடம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அளவு நாடாவின் ஒரு முனையைச் சின்னப் பையன் ஒருவனிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, மறுமுனையை எதிர்ச்சுவரில் வைத்துப் பார்த்து, கொப்பியில் குறித்துக்கொண்டவள் எங்கள் பிள்ளை. இதே நடையில் தவழ்ந்து வளர்ந்தவள், இன்று மொரட்டுவப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். குறித்து முடித்த பிறகும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அங்கேதான் அவளுடைய அம்மம்மாவின் சவப்பெட்டி திரும்ப இடமில்லாமல் நின்றது.

அன்றைக்குப் பெட்டியை வீட்டு வாசல்வரை கொண்டுபோக முடியவில்லை. நாலு பேர் சேலையில் ஏந்தித்தான் அம்மம்மாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தோம். தெருவோரத்தில் தகரப் பந்தல் போட்டு இரண்டு இரவு வைத்திருந்தோம். மழை விடவில்லை. குத்துவிளக்கு அணையாமல் இருக்க ஒருத்தி மாறி ஒருத்தி குடை பிடித்தோம். ஒரு மனுசியைக் கண்ணியமாக வழியனுப்ப எங்களுக்கு ஓர் இடம் இல்லை என்பது அந்த இரண்டு இரவும் எங்கள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பில் நாங்கள் தோட்டம் என்று சொல்வது மரஞ்செடி உள்ள தோட்டத்தை அல்ல. ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், நடுவில் ஒரு நடை, பொதுவான ஒரு பைப்படி, அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் தோட்டத்தில் 84 வீடுகள். மலையகத்திலிருந்து வந்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், பரம்பரையாக இங்கேயே இருப்பவர்கள், முஸ்லிம் குடும்பங்கள், சிங்களக் குடும்பங்கள் எல்லாரும் ஒரே பைப்படியில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்குத் தோரணம் கட்டுபவர்களில் பாதிப்பேர் விபூதி பூசியவர்கள்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு மண்டபம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். பல வருடங்களுக்கு முன் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் கட்டிக்கொடுத்தது. அஸ்பெஸ்டஸ் சீற் கூரை, ஒரே ஒரு ஜன்னல், வாசலில் மூன்று படி. காலை பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது, அவ்வளவு வெக்கை. கால் ஏலாதவர்களுக்கு அந்தப் படிகளில் ஏற வழியில்லை. பெரிய மழை பெய்தால் கான் நிரம்பித் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இப்போது உடைந்த கதிரைகளும் பழைய வலைகளும் கிடக்கின்றன. கட்டியவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டும் முன் எங்களில் ஒருவரிடமாவது, எதற்குத் தேவை, எந்த நேரத்தில் பாவிப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மண்டபம் இருக்கிற நான்கரை பேர்ச்சஸ் காணியில்தான் புதுக் கூடத்தைக் கட்டப் போகிறோம்.

பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள், அதனால் போடவில்லை. உயர்தரம் எழுதி, உளச்சார்புப் பரீட்சையும் எழுதி, ஐந்து வருடப் படிப்புக்குள் போனவள். முதல் வருடத்திலிருந்தே அவள் வரைந்தது எல்லாம் எங்கள் பக்கத்துத் தேவைகள்தான். கோவில் வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டு பூமாலை கட்டுகிற பெண்களுக்கு நிழலும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள ஒரு வரிசை. மீன் விற்பவர்கள் குனியாமல் நின்று வெட்டக்கூடிய ஒரு மேடை. ஒரு விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய், பழைய நாற்சார் வீடு ஒன்றின் முற்றத்தில் மழைநீர் நாலு பக்கத் தாழ்வாரத்தாலும் எப்படி இறங்குகிறது என்று அளந்து வரைந்தாள். இன்னொரு விடுமுறைக்கு மலையகத்துக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் போனாள். அம்மம்மா பிறந்த லயம் அது. ஒரே அறைக்குள் அடங்கிய குடும்பம் எப்படி முன்விறாந்தையான இஸ்தோப்பில் வாழ்கிறது, அரிசி புடைப்பது, பிள்ளைக்குப் பாடம் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரியோடு கதைப்பது எல்லாம் எந்த இடத்தில் நடக்கிறது என்று மணித்தியாலம் மணித்தியாலமாகக் குறித்துவந்தாள். யாழ்ப்பாணத்துத் திண்ணையும் லயத்து இஸ்தோப்பும் செய்கிற வேலை ஒன்றுதான், எங்கள் நடைக்கு இல்லாமல் போனதும் அதுதான் என்று அவள் சொன்னபோது எங்களில் வயதானவர்கள் கண் கலங்கினார்கள்.

பல்கலைக்கழகத்துக்காக அவள் வரைந்த இந்தக் கூடத்தை, தாளிலேயே விட்டுவிட வேண்டாம், கட்டுவோம் என்று குழு முடிவெடுத்தது. அதற்கு அவள் சொன்ன நிபந்தனை, எல்லாரிடமும் மறுபடி கேட்ட பிறகுதான் கட்ட வேண்டும் என்பது.

கேட்டுக் கட்டும் வழக்கம் இந்த நாட்டுக்குப் புதியதல்ல. கண்டியில் 1918இல் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவனத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டி வட்டபுளுவையில் வீடமைப்புத் திட்டம் ஒன்றை அமைத்தபோது, குடியேறவிருந்த குடும்பங்களுக்குக் கேள்விக்கொத்து கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படிப் படுக்கிறீர்கள், எப்படிக் கும்பிடுகிறீர்கள் என்று விசாரித்துத்தான் வரைந்தார். எங்கள் பிள்ளை அதை எங்கள் அளவுக்குச் செய்தாள். பிரிஸ்டல் போர்டில் கூடத்தின் மாதிரியைச் செய்துகொண்டு வந்து, பைப்படிக்குப் பக்கத்தில் கரம் போர்ட்டின் மேல் வைத்தாள். கூரையைக் கழற்றி எடுக்கலாம், சுவர்களை நகர்த்தலாம். பக்கத்து வீட்டு ராத்தா ஒரு புளியங்கொட்டையை எடுத்து, கிடாரம் வைக்க இங்கே இடம் வேண்டும் மகள் என்று பின்பக்கத்தில் வைத்தார். நோன்புக் காலத்தில் கஞ்சி காய்ச்சி எல்லா வீட்டுக்கும் கொடுப்பவர் அவர். தைப்பொங்கலுக்கு நாங்கள் பானை வைப்பதும் தெருவில்தான். அந்தப் புளியங்கொட்டை இருந்த இடத்தில் இப்போது வரைபடத்தில் ஓர் அடுப்பு மேடை இருக்கிறது.

பிறகு ஒரு போயா தினத்தில் சோக்குக் கட்டியால் கூடத்தை நிலத்திலேயே முழு அளவில் வரைந்தாள், 24 அடிக்கு 16 அடி. எல்லாரும் அதற்குள் நடந்து பார்த்தோம். பின்னேரம் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போனது. மறுநாள் சிறுவர்களே அதை ஞாபகத்திலிருந்து திருப்பி வரைந்திருந்தார்கள். அவர்கள் வரைந்ததில் படிக்கும் அறை மட்டும் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. அவள் அழிக்கவில்லை. அடுத்த வரைபடத்தில் அந்த அறையை இரண்டு அடி கூட்டினாள்.

அந்த அறையின் கதையும் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த ஒரு பிள்ளையிடம், உனக்குப் படிக்க என்ன வேண்டும் என்று கேட்டாள். மேசை, விளக்கு என்று சொல்வாள் என நினைத்தோம். சாத்தக்கூடிய ஒரு கதவு வேண்டும் அக்கா என்றாள். ஒரே அறை வீட்டில் தொலைக்காட்சியும் தம்பியின் அழுகையும் அப்பாவின் இருமலும் இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் அடங்கும். அதற்குப் பிறகு கொப்பியைத் திறக்கிற பிள்ளைகள் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர்.

கூடம் இப்படித்தான் அமையும். தண்ணீர் ஏறாதபடி தரை ஒன்றரை அடி உயரும். படி இருக்காது, 18 அடி நீளத்துக்கு ஒரு சரிவு. ஓர் அடி ஏறச் சரிவு 12 அடி நீள வேண்டும் என்பது சக்கர நாற்காலிக்கான கணக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களின் காலும் அதில் தடுக்காது. வாசல் ஆறு அடி அகலம், அதுவும் தெருப்பக்கம். இரண்டு பக்கமும் நீளத் திண்ணை. பகலில் முன்பள்ளி, பின்னேரம் ரியூஷன், இரவில் வாசிப்பு. சாவு விழுந்தால் மற்றதெல்லாம் நிற்கும், கூடம் அந்த வீட்டுக்கு.

சுவருக்குச் செங்கல்லைப் படுக்கை வைக்காமல் குத்துக்கு நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை. ஏறக்குறையக் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். எங்கள் மேசன் பாஸ் இதைக் கேட்டுவிட்டு, குத்துக்கு நிறுத்தினால் சுவர் நிற்குமா மகள் என்றார். கட்டிப் பார்ப்போம் பாஸ் மாமா என்றாள். மூன்று அடி உயரத்துக்கு மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டினார். ஒரு கிழமை கழித்துத் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு உச்சி வெயிலில் வெளிப்பக்கம் ஒரு கையும் உட்பக்கம் ஒரு கையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கூலி வாங்காமல் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை செய்வதாக அவர் சொன்னது அன்றைக்குத்தான். கூரைக்கு அஸ்பெஸ்டஸ் வேண்டாம், ஓடு. ஓட்டுக்குக் கீழே ஒரு தட்டி, இரண்டுக்கும் இடையால் வெப்பக் காற்று வெளியேற வழி.

வரைந்தவள் இன்னும் மாணவிதானே என்று தயங்குகிறவர்களுக்கு. பட்டயம் பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரும் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரும் வரைபடங்களை வரிக்கு வரி சோதித்து, அத்திவாரத்தில் இரண்டு திருத்தம் சொல்லி, கையெழுத்து வைத்திருக்கிறார்கள். இருவரும் கட்டணம் வாங்கவில்லை. கட்டட அனுமதியும் கையில் இருக்கிறது. மாணவர்கள் இப்படித் தொடங்கியதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. மேற்கு ஆபிரிக்காவில் புர்கினா பாசோவின் காண்டோ என்ற கிராமத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் ஏழு வயதில் ஊரை விட்டுப் போன பிரான்சிஸ் கெரே, பேர்லினில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே நன்கொடை திரட்டத் தொடங்கினார். ஊர்ச்சனம் களிமண் கல் அறுத்தது, சுமந்தது, கட்டியது. 2001இல் பள்ளிக்கூடம் எழுந்தது. 2004இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. 2022இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய கௌரவமான பிரிட்ஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது. எங்கள் பிள்ளை விருதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் கூரைப் படத்தைத்தான் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். எங்கள் கூரைக்குக் காற்றுப் போகிற வழியை அவள் கற்றது அதிலிருந்துதான்.

நாளைக்கே அரசாங்கம் இந்தத் தோட்டத்தை எடுத்து எங்களை மாடிவீட்டுக்கு அனுப்பினால் காசெல்லாம் வீண்தானே என்றும் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கூரை மரங்களை அறையாணியால் இறுக்காமல் போல்ட் போட்டுப் பூட்டுகிறோம். ஓடு, மரம், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். சுவரைக் கொண்டுபோக முடியாது. ஆனால் இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இப்போதுதான் படிக்க இடம் வேண்டும்.

இனிக் காசு விஷயம். மொத்தச் செலவு மதிப்பீடு 38 இலட்சம் ரூபா. வெளியே கை நீட்டும் முன் நாங்கள் போட வேண்டியதைப் போட்டுவிட்டோம். 84 வீடும் வாரம் 200 ரூபா வீதம் 37 வாரம் கட்டியதில் 6 இலட்சத்து 21 ஆயிரத்து 600 ரூபா சேர்ந்தது. கொடுக்க முடியாத வாரத்துக் காசை அடுத்த வாரம் சேர்த்துக் கொடுத்தார்கள், எந்த வீடும் விடுபடவில்லை. இடியப்பம் அவித்து விற்கிற ஒரு மாமி சில்லறையாகவே ஒவ்வொரு ஞாயிறும் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்தார். அந்தக் காசில் பழைய மண்டபத்தை அகற்றி, அத்திவாரம் வெட்டும் வேலை தொடங்கும். இன்னும் ஏறக்குறைய 32 இலட்சம் தேவை. பெரும்பகுதி கூரைக்கும் தரைக்கும் போகும், மிச்சம் சுவருக்கும் மின்சார வேலைக்கும்.

காசாகத் தர முடியாதவர்கள் பொருளாகத் தரலாம். பழைய வீடு உடைக்கிறவர்கள் நல்ல ஓடுகளையும் தேக்கு, பலா மரக் கதவு ஜன்னலையும் தூக்கி எறிய வேண்டாம், நாங்கள் வந்து ஏற்றிக்கொள்கிறோம். செட்டியார் தெரு, ஆட்டுப்பட்டித் தெருப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களிடம் சீமெந்து, கம்பி, வயர் எது கிடைத்தாலும் எங்களுக்குப் பாரம் குறையும். மின்சார வேலை, தச்சு வேலை தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தந்தாலும் போதும். புத்தகம் தர விரும்புபவர்கள் கூரை ஏறும்வரை பொறுத்திருங்கள், இப்போது வைத்தால் நனைந்துவிடும்.

வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்கிறது. மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு சதமும் எடுக்க முடியாது. மூவரில் இருவர் பெண்கள். ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவை மாதம் ஒருமுறை பைப்படிச் சுவரில் ஒட்டுவோம், அதன் படத்தை நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும் அனுப்புவோம். கணக்கு விபரம், இந்த வேண்டுகோளை உங்களுக்கு அனுப்பிய குழு உறுப்பினரிடம் இருக்கிறது. முன்பின் தெரியாதவர் யாராவது வந்து எங்கள் பெயரில் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வைகாசி பிறந்தால் தென்மேல் பருவ மழை தொடங்கிவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஓடு ஏற வேண்டும் என்று பாஸ் மாமா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆகவே உதவ நினைப்பவர்கள் தை மாதத்துக்குள் தந்தால் மரத்தையும் ஓடுகளையும் ஒரே தடவையில் வாங்கிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருப்போம். மழை அழித்திருந்தாலும் பிள்ளைகள் சோக்குக் கோட்டைத் திருப்பிப் போட்டு வைத்திருப்பார்கள். வந்து உள்ளே நடந்து பாருங்கள். எதையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அவளிடமே சொல்லுங்கள், கொப்பியில் குறித்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
பொதுக்கூடக் கட்டடக் குழுவினர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13