என் நாவலைத் திட்டிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள வாசகர்களுக்கு,

நாவல் வெளிவந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த கடிதங்களுக்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கும் நேரில் வாங்கிய வசவுகளுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது கடிதத்தில் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இந்தப் பொது மடல்.

படிக்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2091ஆம் ஆண்டு. கடல் ஏறி வந்து கரையோர ஊர்கள் பாதி போய்விட்டன. பேச்சிப்பாறை அணையில் மிச்சமிருப்பதை ஒரு கணிப்பொறி பங்கிடுகிறது, கார்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர். கடலில் காணாமல் போனவர்களைத் தேடலாமா வேண்டாமா என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. தேடப் போகும் டீசல் செலவு ஒரு பக்கம், ஆளின் வயதும் கடனும் மறுபக்கம். பதினோரு பேருடன் போன ஒரு போட்டைத் தேட வேண்டாம் என்று கணக்கு வருகிறது. பெயர்கள் பட்டியலிலிருந்து அழிகின்றன. ஊர் பயந்து வாயை மூடிக்கொள்கிறது. நடுவில் ஒரு நாயும் செத்துப்போகிறது.

நாயைப் பற்றி வந்த கடிதங்கள்தான் அதிகம். பதினோரு மனிதர்களைக் கடலில் விட்டேன், கேட்க ஆளில்லை. நாய்க்கு நியாயம் கேட்டு மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். தக்கலைக்காரர் ஒருவர் புத்தகத்தைப் படுக்கையறையில் வைக்கப் பயந்து ராத்திரி வராண்டாவில் கொண்டுபோய் வைத்தாராம். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வரப்போவதில்லை. “இவ்வளவு இருட்டு எதற்கு? ஒரு நல்ல முடிவு வைத்தால் குறைந்தா போய்விடும்?” என்று கேட்டவர்களுக்கும் நன்றி. இருட்டைக் குறைக்க எனக்கு மனசில்லை. ஆனால் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று மூன்று பேர் எனக்குக் காட்டினார்கள்.

முதலாமவர் திருச்சி வாசகர். அவருடைய சந்தேகம் ஒரே வரி: “வெள்ளத்தை எப்படி சார் லிட்டரில் அளப்பார்கள்?” எங்கள் குமரி மாவட்டத்தில் குடிக்கிற தண்ணீரே வெள்ளம்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் “வெள்ளம் குடிக்கியளா?” என்றுதான் கேட்போம். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் வெளியூர்க்காரர். முப்பது இடங்களில் தண்ணீர் என்று திருத்திவிட்டு ஏழெட்டு இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அதைச் சரி என்று சொல்லி அனுப்பியவன் நான். விளைவு, ஒரு பக்கத்தில் தண்ணீருக்கு வரிசை நிற்கிறது, அடுத்த பக்கத்தில் ஊருக்குள் வெள்ளம் வருகிறது. திருச்சிக்காரர் அணை உடைந்துவிட்டது என்றே நினைத்துப் படித்திருக்கிறார். பாவம். அடுத்த பதிப்பில் எல்லா இடத்திலும் வெள்ளம்தான்.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். மணவாளக்குறிச்சி கடற்கரை மணல் ராத்திரியில் பச்சையாக ஒளிர்கிறது என்று ஒரு அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது, அப்புறம் ஒளிர்ந்தால் என்ன என்ற தைரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை மணலைக் கொட்டி லென்ஸை என் கையில் தந்தார். கறுப்பாக இருப்பது இல்மனைட், சிவப்பு கார்னெட், தேன் நிறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிவது மோனசைட். “இனி லைட்ட அணச்சுப் பாரும்” என்றார். அணைத்தேன். ஒன்றும் தெரியவில்லை, அவர் சிரிப்பது மட்டும் கேட்டது. தோரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி வருஷம் ஆகும், அதுக்கு ஒம்ம கதையில மினுங்க நேரமில்ல என்று சொல்லிவிட்டுக் கட்டன்சாயா குடித்துப் போனார். பச்சை வெளிச்சத்தை எடுத்துவிட்டேன் சார். அந்த அத்தியாயம் இப்போதுதான் பயமாக இருக்கிறது.

மூன்றாமவர் சின்னத்துறை என்ற மீனவ ஊரைச் சேர்ந்த ஓர் அக்கா. நாகர்கோவிலில் நடந்த வாசகர் கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். எல்லோரும் பேசி முடிக்கும்வரை பின்வரிசையில் இருந்தார். பிறகு என் புத்தகத்தைத் திறந்து, பென்சிலால் கோடு போட்ட ஒரு பக்கத்தைக் காட்டினார். ஊர் வாயை மூடிக்கொள்கிற பக்கம்.

“இது மட்டும் பொய், தம்பி.”

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரைக்கும் கரையில் இருந்தவர்களின் கண் கடலில்தான் இருந்தது. ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குப் புயல் செய்தி போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் வயர்லெஸ் எடுக்கும். அந்த எல்லை தாண்டி நாள்கணக்காகத் தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். “கணக்கு பாக்குற மிசினு, பேரு விட்டுப்போன பட்டியலு, எல்லாம் சரியா எழுதியிருக்கிய. ஆனா தேட ஆளு வரலைன்னு நாங்க சும்மா இருக்கல்ல. எங்க ஆளுவ சொந்த போட்டுல டீசல் ஊத்திட்டுப் போனாவ. போன போட்டும் திரும்பி வருமான்னு தெரியாமத்தான் போனாவ.” அதற்கு மேல் அவர் பேசவில்லை. கூட்டத்திலும் யாரும் பேசவில்லை.

நான் கரையிலிருந்து பன்னிரண்டு மைல் உள்ளே ரப்பர் தோட்டத்து ஓரத்தில் வளர்ந்தவன். ஒக்கியில் எங்களுக்குப் போனது மரங்களும் பத்திருபது நாள் கரண்டும். பயந்துபோன ஊர் எப்படி இருக்கும் என்பதை என் பயத்தை வைத்து எழுதிவிட்டேன். தப்பு. இருபத்தோராம் அத்தியாயத்தை முழுக்கத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு போட் போகிறது. பதினோரு பேரும் கிடைக்கமாட்டார்கள். நல்ல முடிவு கேட்டவர்கள் மன்னிக்கவேண்டும். நாயும் பிழைக்காது.

அக்கா, உங்கள் பிரதி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. மொத்தம் நாற்பத்தாறு இடத்தில் கோடு, பாதிதான் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் நானே சின்னத்துறைக்குக் கொண்டுவந்து தருகிறேன். அட்டையில் இருக்கிற மீன்குழம்புக் கறை என்னுடையது இல்லை.

அன்புடனும் நன்றியுடனும்,
குலசேகரத்திலிருந்து
நாவலை எழுதியவன்