வேளாண் உதவி அலுவலர்களுக்கு: செத்த புழுவைத் தேட வைக்காதீர்கள்

வட்டாரங்களில் வேலை பார்க்கும் வேளாண் உதவி அலுவலர்களுக்கு, வணக்கம்.

போன மார்கழிப் பட்டத்து நிலக்கடலையில் எனக்கு வெட்டுப்புழு விழுந்தது. உங்கள் கூட்டத்தில் கேட்டபடி 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தேன். மறுநாள் இலையைப் புரட்டினால் புழு உயிரோடு இருக்கிறது. இது வேலைக்காகாது என்று மருந்துக்கடைக்குப் போய், கொடுத்ததை வாங்கி அடித்தேன். காசு போனது, வயலில் நன்மை செய்துகொண்டிருந்த பொறிவண்டும் போனது.

அப்புறம் ஒருநாள், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் மகள் இரண்டு டிபன் டப்பா எடுத்தாள். ஒரே அளவில் இரண்டு ஆமணக்கு இலைத்துண்டு. ஒன்று தண்ணீரில் நனைத்தது, மற்றது கரைசலில். உலர்ந்ததும் ஆளுக்கு ஐந்து புழு. விடிந்து பார்த்தால் தண்ணீர் இலையில் நரம்புதான் மிச்சம், அடியில் கறுப்புக் கறுப்பாக எச்சம். கரைசல் இலையின் ஓரத்தில் இரண்டே கடி. புழுக்கள் மூடியில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் உயிரோடுதான்!

நான் பார்க்க வேண்டியது செத்த புழுவை அல்ல, புதுக்கடியை. வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் முதலில் புழுவின் தின்னும் ஆசையைக் கெடுக்கிறது. உள்ளே போன கொஞ்சமும், புழு வளரும்போது தோலுரிப்பதைக் குலைக்கிறது. அதற்குச் சில நாள் ஆகும். 1962இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான் என்ற விஞ்ஞானியின் குழுவினர் கண்டதும் இதுதான்: கரைசல் தெளித்த பயிரில் வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது, தின்னவில்லை.

நீங்கள் அளவைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு, 200 லிட்டர் தண்ணீர், ராத்திரி ஊறல், கொஞ்சம் சோப்பு. வெயிலில் வீரியம் போய்விடும், சாயங்காலம் அடி என்பதும் சரி. மறுநாள் எதைப் பார்ப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கத்தரிக்காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை இது ஒன்றும் செய்யாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருமுறை ஏமாந்தவர் மறுபடி வேம்பைத் தொடமாட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு, அளவு எழுதிய தாளோடு இரண்டு டப்பாவும் கொண்டுவாருங்கள். முதல்நாள் சாயங்காலமே புழுவை விட்டு வைத்தால் போதும். கூட்டத்தையும் ஆனியிலேயே வையுங்கள். வேப்பம்பழம் உதிர்வது அப்போதுதான். புழு விழுந்த பிறகு கொட்டைக்கு எங்கே போவது?

இப்படிக்கு,
ஒரு நிலக்கடலை விவசாயி