வீராவின் மூச்சுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் வீட்டு லாப்ரடாரான வீராவுக்கு 12 வயது நிறைந்துவிட்டது. அந்த இனத்துக்கு இது நல்ல முதுமை. அவனுக்கு மூச்சுத் திணறல் தொடங்கியபோது, "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கைகழுவிவிடாமல், காரணத்தைத் தேடியும் கூடவே நின்றும் உதவிய உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வதே முறை. ஆனால் வீராவைத் தனியே விட்டு நெடுநேரம் வெளியே இருக்க முடியாததால் இந்த மடலைப் பொதுவில் வைக்கிறேன்.

எங்கள் கால்நடை மருத்துவரிடமிருந்து தொடங்குகிறேன். ஐயா, நீங்கள் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "இவன் குரைக்கிற சத்தம் மாறியிருக்கிறதா?" என்று கேட்டீர்கள். கரகரத்துப்போன குரைப்பு, தண்ணீர் குடித்ததும் வரும் இருமல், நடக்கையில் பின்னங்கால் நகங்கள் தரையில் உரசுவது ஆகியவற்றை நாங்கள் வெவ்வேறு சங்கதிகளாகச் சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் அவை அனைத்தும் ஒரே நரம்பு நலிவின் வேலையாக இருக்கலாம் என்று கண்டுகொண்டீர்கள். இரைச்சல் மூச்சை உள்ளிழுக்கும்போது வருகிறதா, வெளியே விடும்போது வருகிறதா என்று பொறுமையாகக் கேட்டு, உள்ளிழுக்கும்போதுதான் என்று உறுதிசெய்த பின், அவன் தொண்டைமேல் என் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வை எனக்கும் உணர்த்தினீர்கள்.

குரல்வளையின் இருபுறக் குருத்தெலும்புகளும் ஒவ்வொரு மூச்சுக்கும் கதவுபோல் விலகித் திறக்க வேண்டும் என்பதையும், அவற்றை இயக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கி மீண்டும் கழுத்துக்கு ஏறிவரும் மிக நீண்ட நரம்பு என்பதையும், வயதான பெரிய இன நாய்களில் அது நலியும்போது அந்தக் கதவுகள் பாதி சாத்தியபடியே நின்றுவிடும் என்பதையும், பலங்கொண்டு இழுக்க இழுக்க அவை மேலும் நெருங்கும் என்பதையும் நீங்கள் விளக்கிய பிறகுதான், வெயிலும் பதற்றமும் அவனுக்கு ஏன் ஆகாது என்பது எங்களுக்குப் பிடிபட்டது. நம்மைப்போல் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள நாயால் முடியாது. நாக்கை நீட்டி இரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். அந்த வழியே குறுகிப்போனால் சூடு ஏறுகிறது, சூடு ஏறினால் இன்னும் இரைக்கிறது. இருந்தும் நீங்கள் அவசரப்படவில்லை. இதயத்தையும், எக்ஸ்ரேயில் நுரையீரலையும், இரத்தத்தில் தைராய்டு அளவையும் பார்த்து, லேசான மயக்கத்தில் குரல்வளையை நேரில் கண்ட பிறகே குரல்வளை வாதம் என்று சொன்னீர்கள்.

உங்கள் உதவியாளரான தங்கைக்கு என் நன்றி உண்டு. உறங்கும்போது மூச்சை எண்ணுவது எப்படி என்று தரையில் எங்களோடு உட்கார்ந்து அவர் கற்றுத்தந்தார். மார்பு ஏறி இறங்குவது ஒன்று. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். கனவில் கால் உதறும் நேரத்தில் எண்ணக் கூடாது. ஆழ்ந்த உறக்கத்தில் நிமிடத்துக்கு 30ஐத் தாண்டிக்கொண்டே போனால் உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். இந்த எண்ணிக்கை இதயமோ நுரையீரலோ கெடுவதை முன்கூட்டியே காட்டும் என்றும், தொண்டையின் நிலையைச் சத்தத்தையும் சிரமத்தையும் வைத்துத்தான் அறிய வேண்டும் என்றும் அவர் பிரித்துச் சொன்னது எங்களை வீண் பயத்திலிருந்தும் வீண் தைரியத்திலிருந்தும் காத்தது.

அறுவை மருத்துவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் அவர் அறுவை செய்யவில்லை. ஒருபக்கக் குருத்தெலும்பை விலக்கித் தைத்து நிறுத்தினால் மூச்சு எளிதாகும்; ஆனால் விழுங்கும்போது மூட வேண்டிய வழியும் திறந்தே இருப்பதால், உணவோ நீரோ நுரையீரலுக்குள் புகுந்து நிமோனியா வரும் அபாயம் ஆயுள் முழுவதும் தொடரும் என்று இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். வீராவின் பின்னங்கால்களும் விழுங்கும் திறனும் இருக்கும் நிலையில் இப்போதைக்கு வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்தபோது முகம் கோணாமல், எந்த அறிகுறி கண்டால் மீண்டும் வர வேண்டும் என்பதைத் தம் கையால் எழுதித் தந்தார்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நான் பட்ட கடன் பெரிது. புழுக்கமான ஒரு பிற்பகலில் வீராவின் ஈறுகள் நீலம் பாரித்தபோது, அண்ணன் குரலை உயர்த்தாமலே எல்லாவற்றையும் செய்தார். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி மின்விசிறியைத் திருப்பினார். நான் ஈரத்துண்டால் போர்த்தப் போனபோது, அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும் என்று தடுத்தார். காரில் ஏசியைப் போட்டுக் குளிர்ந்த பிறகே அவனை ஏற்றினார். புறப்படும்போதே மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டதால் ஆக்சிஜன் தயாராக இருந்தது. பணியிலிருந்த மருத்துவர் பதற்றம் தணிக்கும் ஊசி போட்டதும் அந்த இரைச்சல் மெல்லத் தாழ்ந்தது. அவருக்கும் என் வணக்கம்.

கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றும் பட்டையை மாட்டி, வெயிலுக்கு முன்னரே வீராவை நடத்திச் செல்லும் தம்பிக்கு நன்றி. அவர்தான் இடையிடையே நிறுத்துகிறார். வீராவோ தான் மோப்பம் பிடிப்பதற்காகத் தம்பி காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். உணவை ஊறவைத்து உருண்டைகளாக்கி ஊட்டும் அம்மாவுக்கும், எடை குறைய வேண்டும் என்று சொன்ன நாள்முதல் தட்டிலிருந்து ரகசியமாகக் கொடுப்பதை நிறுத்திக்கொண்ட பாட்டிக்கும் நன்றி. இதில் பாட்டியின் தியாகமே பெரிது. இருமல் மருந்து கொண்டுவந்த அத்தையின் அன்பையும் மறக்க மாட்டேன். மனிதர்களுக்கான இருமல் மருந்தும் வலி மாத்திரையும் நாய்க்கு நஞ்சாகக்கூடும் என்று மருத்துவர் சொன்னதால் அந்தப் புட்டி பிரிக்கப்படாமலே இருக்கிறது. அத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நோய் குணமாகிவிடவில்லை, ஆகவும் ஆகாது. ஆனாலும் வீரா நன்றாக உறங்குகிறான், தட்டைக் காலி செய்கிறான், வாசலில் யார் வந்தாலும் அந்தக் கரகரத்த குரலில் விசாரிக்கிறான். காரில் ஏற்றுவதற்காக எதிர்வீட்டு அக்கா இரவல் கொடுத்த சாய்பலகையைத் திருப்பித் தர வேண்டிய காலம் கடந்துவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் எங்களிடமே இருக்க அவர் அனுமதிக்க வேண்டும்.

நன்றியுடன்,
வீராவின் வீட்டார்