பயண நூல் அலமாரிக்கு ஒரு கை கொடுங்கள்

வாசக நண்பர்களுக்கு வணக்கம்.

பொதுவில் ஓர் அலமாரி அமைக்கப் போகிறோம். அதில் பயண நூல்கள் மட்டுமே இருக்கும். யார் வேண்டுமானாலும் இரவல் எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். அதற்குப் பணம், புத்தகம், குரல் மூன்றும் கேட்டுத்தான் இந்தக் கடிதம். குரல் எதற்கு என்பதை அப்புறம் சொல்கிறோம்.

"பயண வீடியோ கொட்டிக் கிடக்கிறதே, புத்தகம் எதற்கு?" என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினோம். 1325இல், 21 வயதில், மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து தனியாக ஹஜ்ஜுக்குக் கிளம்பிய பயணி இப்னு பதூதா துனிஸ் நகருக்கு வந்து சேரும் கட்டம் அது. வந்தவர்களை வரவேற்க ஊர் ஜனங்கள் வெளியே வருகிறார்கள். கூட வந்த எல்லாருக்கும் ஸலாம் சொல்ல ஆள் இருக்கிறது; இவரைத் திரும்பிப் பார்க்க ஒருவரும் இல்லை. அழுகையை அடக்க முடியவில்லை. உடன் வந்த யாத்ரீகர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு அருகில் வந்து பேச்சுக் கொடுக்கிறார், ஊருக்குள் போகும் வரை கூடவே வருகிறார். அவ்வளவுதான் சம்பவம். அதன்பிறகு இவர் சீனா வரை போய்வந்தார். ஏறக்குறைய 30 வருட அலைச்சல். அத்தனையும் முடிந்து ஊர் திரும்பி, அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி, 1355இல் நூல் முடிந்தது. எத்தனை அரசவைகளைப் பார்த்த மனிதர்! அந்த முதல் அழுகையை விட்டுவிடாமல் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்டவர் இப்போது எங்கள் பொருளாளர்.

எங்களைக் கேட்டால், பயண நூலில் ருசியே பயணி படும் பாட்டில்தான் இருக்கிறது. எல்லாம் சரியாக நடந்த பயணத்தைப் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்க முடியாது. 1689இல் ஜப்பானின் வடபகுதிக்கு நடந்தே போன கவிஞர் பாஷோ, மலைப்பாதையில் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு காவலர் வீட்டில் மூன்று நாள் தங்குகிறார். அங்கே எழுதிய கவிதையில் என்ன இருக்கிறது தெரியுமா? தெள்ளுப்பூச்சி, பேன், தலைமாட்டில் மூத்திரம் பெய்யும் குதிரை. மகாகவிதான், ஆனாலும் தூக்கம் தூக்கம்தானே. இன்னொரு வேடிக்கை: அவரோடு நடந்த சீடர் சோராவும் ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தார். அது 1943இல் வெளிச்சத்துக்கு வந்தபோது, குரு சில இடங்களில் நாளையும் நிகழ்ச்சியையும் மாற்றிப் போட்டிருப்பது தெரிந்துவிட்டது. இதைப் பொய் என்று சொல்லலாமா என்று எங்கள் குழுவில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. இன்னும் தீரவில்லை.

பாடு என்றால் செர்ரி-கரார்ட் பட்டதுதான் பாடு. 1911இல், தென் துருவம் போகக் கிளம்பிய ஆங்கிலேயர் ஸ்காட்டின் அண்டார்க்டிகா குழுவிலிருந்து இவரும் இன்னும் இரண்டு பேரும், நட்டநடுக் குளிர்காலத்தில், சூரியனே உதிக்காத மாதத்தில், எம்பரர் பெங்குவினின் முட்டையைத் தேடிப் போனார்கள். ஐந்து வாரம். ஒரு நாள் கூடாரத்தை விட்டு வெளியே வந்த செர்ரி-கரார்ட் சுற்றிலும் பார்க்கத் தலையை நிமிர்த்துகிறார். சில நொடிகள்தான். அதற்குள் உடை அப்படியே உறைந்து பலகையாகிவிட்டது. தலையைத் தாழ்த்த முடியவில்லை. நாலு மணி நேரம் நிமிர்ந்த தலையோடே சறுக்குவண்டியை இழுத்திருக்கிறார். இதைச் சத்தமாக வாசித்தபோது கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன்னையறியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டார். கடைசியில் மிஞ்சியவை மூன்று முட்டைகள். கூடப் போன இருவரும் அடுத்த ஆண்டு ஸ்காட்டோடு தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோனார்கள். இவர் தனியாக லண்டனில் ஓர் அருங்காட்சியகத்துக்கு முட்டைகளை எடுத்துப் போனால், வாங்கிக்கொண்டவர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையாம். ரசீதுக்காக நடைவழியில் வெகுநேரம் காக்க வைத்ததாக 1922இல் வந்த தன் நூலில் எழுதுகிறார்.

நீங்கள் தரும் எதற்கும் கையோடு ரசீது தருவோம்.

சரி, பணம் எதற்கு என்று கேட்பீர்கள். இதுவரை வந்து சேர்ந்த பழைய புத்தகங்களில் முதலில் செத்துப்போவது வரைபடம்தான். கடைசி அட்டைக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்கள். மடிப்பும் மடிப்பும் குறுக்கிடும் இடத்தில் காகிதம் இற்று ஓட்டை விழும். சரியாக அந்த ஓட்டையில்தான் நாம் தேடும் ஊர் இருந்திருக்கும். போதாததற்கு யாரோ நல்ல மனதோடு செல்லோடேப் ஒட்டியிருப்பார்கள். டேப் பழுத்து உதிர்ந்துவிடும், அதன் பசை மட்டும் மஞ்சள் பட்டையாகக் காகிதத்தில் ஊறி நிற்கும். அதைப் பக்குவமாக எடுத்து, மாவுப்பசை தடவி, மெல்லிய நார்க்காகிதத்தைப் பின்பக்கம் ஒட்டிக் காயவைக்க வேண்டும். பொறுமையான வேலை, தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. பணத்தில் பெரும்பகுதி இதற்கும் பைண்டிங்குக்கும் போகும். மீதியில் அலமாரியும், சுவரில் மாட்ட ஒரு பெரிய உலகப் படமும். வரைபடம் பக்கத்தில் இல்லாமல் பயண நூல் படிப்பது பாதிப் படிப்புதான்; விரலும் கூடவே நடக்க வேண்டும்.

தொகை எவ்வளவு என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. முடிந்ததைக் குழுவினர் யாரிடமும் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கை அலமாரிக் கதவிலேயே மாதாமாதம் ஒட்டிவைப்போம்.

புத்தகம் தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஏழே நாளில் ஒன்பது நாடு" வகை வழிகாட்டிகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அவற்றிலிருக்கும் பேருந்து நேரம் நமக்கு முன்பே காலாவதியாகிவிடும். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிய பிரதி என்று கூச்சப்பட வேண்டாம், அதுதான் எங்களுக்குப் பிடிக்கும். முடிந்தால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: எங்கே தொடங்கலாம், எந்த அத்தியாயத்தைத் தைரியமாகத் தாண்டலாம். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வதற்கு ஆற்றுப்படை என்று தனி இலக்கிய வகையே வைத்திருந்த மொழி இது. ஒரு சீட்டு எழுத முடியாதா என்ன?

இப்போது குரல். கண் பார்வை இல்லாதவர்களும் படுக்கையை விட்டு எழ முடியாதவர்களும் கேட்பதற்கு, காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை வாசித்துப் பதிவு செய்யப்போகிறோம். ஒருவர் ஓர் அத்தியாயம் வாசித்தால் போதும். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, மலையேறும் அத்தியாயங்களை உங்களுக்கே ஒதுக்கிவிடுவோம்.

கடைசியாக ஓர் அவசரம். வந்த புத்தகங்களில் மூன்று பாக நூல் ஒன்றின் முதல் இரண்டு பாகங்கள் மட்டும் இருக்கின்றன. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த மனிதர் காய்ச்சலோடு ஒரு துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். ஒற்றையாக ஒரு மூன்றாம் பாகம் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதைத் திறந்து கப்பல் வந்ததா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பயண நூல் அலமாரிக் குழுவினர்