அப்பாவின் துப்பாக்கி: அண்ணனுக்கு ஒரு கடிதம்

பாலிக் பூலாவ், பினாங்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நலம், உங்கள் எல்லோருடைய நலமறிய ஆவல். உங்கள் கடிதமும் வாரிசுச் சான்றிதழ் நகலும் கிடைத்தன. அப்பாவின் துப்பாக்கியை உங்கள் பேருக்கு மாற்றுவதில் எனக்கு ஓர் ஆட்சேபணையும் இல்லை. ஆனால் உடனே ரிப்பேருக்குக் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் தவுக்கே (முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பட்ட பாட்டைக் கேளுங்கள்.

டுரியான் பழத் தோட்டத்துக்குக் குரங்கு வருகிறதென்று லைசென்ஸ் வாங்கி ஒரு இரட்டைக்குழல் வைத்திருக்கிறார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். (அம்மா பயப்பட வேண்டாம், நான் அதைத் தொடுவதே இல்லை. இந்த நாட்டில் லைசென்ஸ் இல்லாதவன் கையில் துப்பாக்கி இருந்தால் 14 வருஷம் வரை ஜெயில், பிரம்படி வேறு.) இடது குழல் டிக்கென்று சத்தம் போடும், வெடிக்காது. ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, ஸ்பிரிங் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே சீசனை ஓட்டிவிட்டார்கள். நானும் கூட வேலை பார்க்கும் இந்தோனேசியப் பையனும் தகர டின்னைத் தட்டிக்கொண்டு மேட்டில் ஓடியதுதான் மிச்சம்.

ஒருவழியாக வந்தது. கட்டையில் நாற்காலிக்கு அடிக்கிற வார்னிஷ். அளவில்லாத ஸ்குரூ டிரைவரைப் போட்டு நெம்பியதில் திருகாணித் தலையெல்லாம் பிய்ந்திருந்தது. இடது குழல் வெடித்தது. நன்றாயிருந்த வலது குழல் வெடிக்கவில்லை! போனில் கேட்டால், "தோட்டா பழசு" என்கிறார் கடைக்காரர். தவுக்கே லேசுப்பட்டவரா? வெடிக்காத தோட்டாவைச் சற்று நேரம் பொறுத்து வெளியே எடுத்து எனக்குக் காட்டினார். அடியில் ஊசி குத்திய தடம் நகம் பட்ட மாதிரி லேசாக இருந்தது. அதையே இடது குழலில் போட்டு அழுத்தினார், மலையே அதிர்ந்தது. அப்புறமும் கடைக்காரர் அசையவில்லை. வலது குழல் வேறு வேலையாம், அதற்கு வேறு கூலியாம்.

ஆகவே முதலில் பேர் மாற்றம் முடியட்டும். லைசென்ஸ் வராமல் எப்படியும், ஒப்படைத்து வைத்திருக்கிற ஆயுதக் கடையிலிருந்து அதை வெளியே எடுக்க முடியாது. பிறகு ரிப்பேருக்குக் கொடுத்தாலும் என்ன கோளாறு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானையும் கேளுங்கள். வார்னிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். அப்பா எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து அந்தக் கட்டைக்கு வந்த நிறம் அது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, திரும்பி வரும்வரை திண்ணையில் சிடுசிடுவென்று உட்கார்ந்திருப்பாரே.

தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். கூட்டத்தில் அப்பா மாதிரியே இருமிக்கொண்டு ஒரு பெரியவர். கொஞ்ச தூரம் அவர் பின்னாலேயே நடந்தேன். பேச்சுக் கொடுத்தால் ஈப்போக்காரராம். சரி, அதை விடுங்கள்.

இங்கே எனக்கு ஒன்றும் குறைவில்லை. இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஆட்சேபணை இல்லை என்ற பத்திரத்தின் வாசகத்தை டைப் செய்து அனுப்புங்கள். கோலாலம்பூர் போய் இந்தியத் தூதரகத்தில் அட்டெஸ்ட் வாங்கிவருகிறேன். அக்காவின் கையெழுத்துக்கு நீங்களே நேரில் போங்கள். அத்தான் மூலமாகச் சொல்லியனுப்பினால் இதுவும் வயல் பாகத் தகராறோடு சேர்ந்துகொள்ளும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி