சென்னிமலை பெரியப்பாவுக்கு, தறி நின்ற ஊர்களிலிருந்து

அன்புள்ள பெரியப்பா,

வணக்கம். போன வாரம் நான் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துவிட்டு போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "வீடெல்லாம் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குதே, இடிச்சுக் கட்ட அந்த ஊர்க்காரங்ககிட்டக் காசு இல்லையா?" பழைய வீடு என்றால் இங்கே மதிப்பு அதிகம் என்று ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நீங்கள் கேட்டதுதான் சரி. காசு இல்லாமல் போனதால்தான் அந்த வீடுகள் அப்படியே நிற்கின்றன. அது ஏன் என்று எனக்கு விளக்குவதைவிட உங்களுக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் அவை எல்லாமே நெசவாளர் ஊர்கள். நம் வீதிக்காரர்களும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

லண்டனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் சைக்கிளை ரயிலில் ஏற்றினேன். மார்க்ஸ் டே என்ற இடத்தில் இறங்கி, ஒரு சின்ன ரயிலுக்கு மாறினால் சட்பரி வந்துவிடும். சஃபோக் மாவட்டத்தின் தெற்கு எல்லை ஊர் அது. அங்கே தொடங்கி லாங் மெல்ஃபோர்ட், லாவன்ஹாம், செல்ஸ்வொர்த், கெர்சி, பாக்ஸ்ஃபோர்ட் என்று ஒரு வட்டம் அடித்துத் திரும்பவும் சட்பரி. ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நீங்கள் ஈரோட்டுக்குப் போய்வருவதைப் போலத்தான். என் சைக்கிளில் கியர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் சில கிலோமீட்டர் சாலையே இல்லை. 1967இல் மூடிய ஒரு ரயில் பாதையின் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். ரயில் போன தடம் என்பதால் மேடு பள்ளம் கிடையாது. இரண்டு பக்கமும் முள்வேலி மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. மே மாதத்தில் இந்த நாட்டைச் சைக்கிளில் பார்க்க வேண்டும் பெரியப்பா. கோதுமை முழங்கால் உயரம், வேலி ஓரமெல்லாம் கொத்தமல்லிப் பூ மாதிரி ஒரு காட்டுப் பூ, தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் வானம்பாடி. சில வீட்டு வாசலில் ஒரு பெட்டியில் கோழி முட்டையும் பக்கத்தில் ஒரு உண்டியலும் வைத்திருப்பார்கள். ஆள் இருக்க மாட்டார். முட்டையை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகலாம்.

லாங் மெல்ஃபோர்ட்டில் சர்ச்சுக்குப் போனேன். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டி முடித்தது. ஊரின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய கோயில். சஃபோக்கில் கட்டடக் கல் கிடைக்காது, வயலில் கிடக்கும் சக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்து, பளபளக்கும் கறுப்பு முகம் வெளியே தெரிகிற மாதிரி சுவரில் பதித்திருக்கிறார்கள். அந்தக் கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கல்லில் எழுத்துகள் சுவர் நெடுகிலும் ஓடுகின்றன. இன்னார் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், இந்தப் பகுதியை அவர் பணத்தில் கட்டினோம் என்று. நம் கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயர் இருக்குமே, அதே வேலைதான். பெயரெல்லாம் கிளாப்டன் குடும்பம் மாதிரி நிலக்காரர்களும் துணி முதலாளிகளும். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே சுவரைச் சுற்றினேன். இந்தப் பெயர்களை அப்புறம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து லாவன்ஹாம் ஏழெட்டு கிலோமீட்டர். ஊருக்கு முன்னால் சர்ச் கோபுரம் தெரியும். 141 அடி. சர்ச்சைப் புதுப்பித்துக் கட்டப் பணம் கொடுத்ததில் இரண்டு தரப்பு முக்கியம். ஒருவர் ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு ஜான் டி வியர். 1485இல் பாஸ்வொர்த் போரில் ஏழாம் ஹென்றி ஜெயிக்கக் காரணமாக இருந்த தளபதி. இன்னொன்று ஸ்பிரிங் குடும்பம், துணி முதலாளிகள். அதில் 1523இல் இறந்த தாமஸ் ஸ்பிரிங்கைப் பணக்காரத் துணிக்காரர் என்றே அழைத்தார்களாம்.

அவர்கள் தொழில் நடத்திய விதத்தைக் கேட்டால் உங்களுக்குப் புதிதாகவே இருக்காது. முதலாளி கம்பளியை வாங்குவார். நூற்பவர் வீட்டுக்கு அனுப்புவார், அங்கிருந்து நெசவாளி வீட்டுக்கு, அங்கிருந்து துவைத்து இறுக்கும் ஆலைக்கு. எல்லோருக்கும் கூலி. சரக்கு மட்டும் கடைசிவரை முதலாளியுடையது. நம் ஊரில் சொசைட்டி வருவதற்கு முன்னால் பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யவிட்ட மாஸ்டர் வீவர்களை நீங்கள் சொல்வீர்களே, அதேதான். துணியின் அகலம் ஒரு ஆளின் கைக்கு எட்டாது. அதனால் ஒரு தறியில் இரண்டு பேர். ஒருவர் குறுக்கு நூல் கோத்த நாடாவை வீச, அடுத்தவர் பிடித்துத் திருப்பி வீச வேண்டும். கயிற்றை இழுத்தால் நாடா தானாக ஓடுகிற ஏற்பாட்டுக்கு ஜான் கே காப்புரிமை வாங்கியது 1733இல்தான். நீங்கள் ஐம்பது வருடம் இழுத்த அந்தக் கயிறு, இந்த ஊர்த் தறிகள் ஓய்ந்த பிறகுதான் உலகத்துக்கு வந்தது.

லாவன்ஹாம் துணியின் நிறம் நீலம். வோடு என்ற செடியின் இலையை அரைத்து உருண்டை பிடித்துப் புளிக்கவைத்துச் சாயம் எடுத்தார்கள். நாற்றம் தாங்க முடியாது. தன் அரண்மனைகளுக்குப் பக்கத்தில் இதைப் பயிரிடவே கூடாது என்று முதலாம் எலிசபெத் ராணி 1585இல் உத்தரவு போட்டார். இந்த நீலமும் நம் அவுரியின் நீலமும் ஒரே பொருள்தான், அவுரி இலையில் பல மடங்கு அதிகம். பின்னால் நம் பக்கத்து அவுரி கப்பலேறி வந்து ஐரோப்பாவில் அந்தச் செடியை ஓரங்கட்டியது. சாயப்பட்டறைத் தொட்டியில் முக்கி எடுத்த நூல் காற்றுப் பட்டதும் பச்சையிலிருந்து நீலமாக மாறுவதைச் சின்ன வயதில் எனக்குக் காட்டினீர்கள் அல்லவா? அதையே இந்தத் தெருவில் நின்று பார்த்த ஒரு பையன் 500 வருடத்துக்கு முன்னால் இருந்திருப்பான்.

1524ஆம் ஆண்டு வரிக்கணக்கில் இங்கிலாந்தின் முதல் இருபது பணக்கார ஊர்களுக்குள் லாவன்ஹாம் இருந்தது. இன்று அங்கே இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அந்தப் பணக்கார ஊர் அடுத்த வருடமே கலகத்தில் இறங்கியது. பிரான்ஸ் மீது படையெடுக்க எட்டாம் ஹென்றி புதிதாக ஒரு வரி கேட்டார். இதைக் கட்டினால் ஆட்களுக்கு வேலை கொடுக்க முடியாது என்று முதலாளிகள் கைவிரித்தார்கள். லாவன்ஹாம், சட்பரி, ஹாட்லி என்று சுற்றுப்பட்டு ஊரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். நார்ஃபோக் பிரபு படையோடு வந்து, உங்கள் தலைவன் யார் என்று கேட்டாராம். ஜான் கிரீன் என்ற ஐம்பது வயதுக்காரர் பதில் சொன்னார். தங்கள் தலைவன் பெயர் வறுமை என்றும், அவனும் அவன் பங்காளி இல்லாமையும்தான் தங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்றும். கடைசியில் அரசர் அந்த வரியைக் கைவிட்டார். சந்தைத் திடலில் நின்று இதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நூல் விலை ஏறிய வருடம் நீங்கள் எல்லோரும் கஞ்சித் தொட்டி திறந்தீர்களே, அது ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் இறக்கம்தான். ஐரோப்பாவில் போர் வந்தால் துணி போகிற சந்தை அடைபடும். 1560, 70களில் ஸ்பெயின்காரர்களுக்குப் பயந்து ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) பக்கமிருந்து ஓடிவந்த நெசவாளர்கள் கோல்செஸ்டரில் குடியேறி, லேசான, விலை குறைந்த புதுத் துணி நெய்தார்கள். லாவன்ஹாமின் கனத்த நீலத்தை வாங்க ஆள் குறைந்தது. 17ஆம் நூற்றாண்டோடு ஏறக்குறைய முடிந்துபோயிற்று.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த வீடுகளெல்லாம் பச்சை ஓக் மரத்தில் சட்டம் கட்டியவை. வெட்டிய ஈரத்தோடு செதுக்கிப் பூட்டுவார்கள். காயக் காய மரம் முறுக்கிக்கொள்ளும், வீடு சாயும். மற்ற ஊர்களில் பின்னால் பணம் வந்தபோது இவற்றை இடித்துச் செங்கல்லில் கட்டினார்கள், அல்லது முன்பக்கமாவது செங்கல் சுவர் வைத்து மூடினார்கள். லாவன்ஹாமில் பலருக்கு அதற்கு வழியில்லை. ஓட்டை அடைத்து, சுண்ணாம்பு பூசி, தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே இருந்தார்கள். 1530 வாக்கில் கட்டிய கில்டுஹால் என்ற சங்க மண்டபம் பின்னாளில் சிறையாகவும், போக்கிடமில்லாத ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் இடமாகவும் இருந்தது. நீங்கள் போட்டோவில் பார்த்த அந்தச் சாம்பல் நிற மரக் கட்டடம்தான். இன்று அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள நாள் முழுக்கக் கூட்டம்.

லாவன்ஹாமைத் தாண்டினால் பிரெட் என்ற சின்ன ஆற்றின் கரையோடு பிரெண்ட் ஈலி, மங்க்ஸ் ஈலி, செல்ஸ்வொர்த். கூரை வேய்ந்த வீடுகள், இளஞ்சிவப்புச் சுவர்கள். அந்த நிறத்துக்கு முன்காலத்தில் சுண்ணாம்போடு பன்றி ரத்தம் கலந்ததாகச் சொல்வார்கள். செல்ஸ்வொர்த்தில் ஆற்றோரம் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன். அப்புறம் நிழல் விழுந்த ஒற்றையடிச் சாலைகள். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் இறங்கி வேலியோடு ஒட்டி நிற்க வேண்டும்.

அந்த வேலிதான் என்னைப் பிடித்தது. வெட்டிவிட்ட முள் சாலையில் கிடந்து, பின் சக்கரத்தில் ஏறிவிட்டது. காற்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்க, இரண்டு முறை பம்ப் அடித்து அடித்துக் கெர்சிவரை வந்துவிட்டேன். கெர்சி இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் ஒரே தெருவாகக் கிடக்கும் ஊர். தெருவின் அடியில், பாலம் இல்லாமல், ஓடை அப்படியே சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது. கார்களும் தண்ணீருக்குள் இறங்கித்தான் போகின்றன. நடப்பவர்களுக்கு மட்டும் ஓரமாக ஒரு சின்ன நடைபாலம். கெர்சி என்று ஒரு முரட்டுக் கம்பளித் துணி உண்டு, அதன் பெயர் இந்த ஊரிலிருந்து வந்தது என்பார்கள்.

அந்த ஓடைக் கரையில் உட்கார்ந்து டியூபை உருவினேன். கண்ணுக்கு ஓட்டை தெரியவில்லை. கொஞ்சம் காற்றடித்து, ஓடைத் தண்ணீரில் முக்கி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விரலால் இழுத்து இழுத்துத் தேடினேன். குமிழ் வந்தது. நம் வீட்டு வாசல் தொட்டியில் நீங்கள் டியூபை முக்கும்போது குமிழியை முதலில் பார்ப்பது யார் என்று எனக்கும் அண்ணனுக்கும் சண்டை வருமே. பக்கத்தில் நாலு வாத்துகள் நின்று பார்த்தன. முள்ளை எடுத்து, தேய்த்து, ஒட்டுப்போட்டு, டயருக்குள் விரலை விட்டு இன்னொரு முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இருந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் தடவியிருக்க மாட்டேன்.

பாக்ஸ்ஃபோர்ட்டைச் சீக்கிரம் கடந்து, வெளிச்சம் மங்குமுன் சட்பரி சேர்ந்தேன். இங்கேதான் எனக்கு ஒரு ஆறுதல். கம்பளி போன பிறகு இந்த ஊருக்குப் பட்டு வந்தது. லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் போராடி, 1773இல் கூலியை நிர்ணயிக்கும் சட்டத்தை வாங்கினார்கள். உடனே சில முதலாளிகள் கூலி குறைந்த ஊர் தேடித் தறிகளைச் சட்பரி பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் சட்பரியில் இன்றும் பட்டு நெய்கிறார்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று அகல ஜன்னல் வைத்துக் கட்டிய மூன்றடுக்கு நெசவாளர் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன்.

ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, அன்று படித்த பெயர்களை எண்ணிப் பார்த்தேன். ஸ்பிரிங், கிளாப்டன், டி வியர். கல்லில், கண்ணாடியில், கோபுரத்தில். நாள் முழுக்க நெசவாளர் ஊர்களைச் சுற்றிவிட்டு, தறியில் உட்கார்ந்தவர் என்று ஒருவரின் பெயரையும் நான் எங்கும் படிக்கவில்லை. கூட்டத்தில் வாய் திறந்து பேசிய ஜான் கிரீன் ஒருவரைத் தவிர, அந்த ஆயிரக்கணக்கான பேரில் எனக்கு யாரையும் தெரியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். தறியைப் பிரித்துத் தாழ்வாரத்தில் போட்டிருக்கிறீர்கள், விறகுக்குக் கேட்கிறார்கள் என்று அண்ணன் சொன்னான். கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இடம் அடைக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் குரங்குப் பெடல் கற்றுக்கொடுத்த, பாவு நீட்டும் அந்தப் பாவடித் திடலை ஒட்டி எத்தனை வீட்டில் தறி ஓடியது, யார் யார் உட்கார்ந்தார்கள், யார் பாவு நீட்டினார்கள், தார் சுற்றிய அத்தைகள் யார், யார் எந்த டிசைனில் கெட்டிக்காரர் என்பது உங்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. அண்ணனிடம் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன். வடக்கு முனை முதல் வீட்டிலிருந்து தொடங்குங்கள். பட்டப்பெயர் மட்டும் ஞாபகம் இருந்தால் அதையே எழுதுங்கள். கை நடுங்கினால் நீங்கள் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் எழுதட்டும்.

தைக்கு ஊருக்கு வருகிறேன். உங்கள் பழைய சைக்கிளின் பின் டயர் தேய்ந்துவிட்டது என்று அண்ணன் சொன்னான், வரும்போது வாங்கி வருகிறேன். எந்த அளவு என்று டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்