முறுக்குக்கு மூன்று மாதம்

அன்புள்ள மொட்டைக்கு,

நலம். ஆறு மாதமாக எழுதாததற்கான திட்டை நேரில் வைத்துக்கொள்.

போன தீபாவளிக்கு முறுக்கைக் கடித்து உடைத்த கடைவாய்ப்பல் நினைவிருக்கிறதா? அதைப் பிடுங்கிய இடத்தில், புதுப் பல்லைத் தாங்குவதற்காக, தாடை எலும்புக்குள் இப்போது ஒரு டைட்டானியம் திருகு இறங்கியிருக்கிறது. துளை போடும்போது டாக்டர் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார். 47 டிகிரிச் சூடு ஒரு நிமிஷம் பட்டாலே எலும்பு செத்துவிடுமாம். மாம்பலம் வெயிலில் அறுபது வருஷம் காய்ந்த எலும்புக்கு இவ்வளவு செல்லம்!

பசை வைத்து ஒட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் கிடையாது. எலும்பே வளர்ந்து வந்து பிடித்துக்கொள்கிறது. 1950-களில் பிரோனமார்க் என்ற ஸ்வீடன்காரர், ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயல் எலும்புக்குள் டைட்டானியக் கருவி வைத்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவே இல்லை. குண்டுவுக்கு நாம் கொடுத்த கைமாற்று மாதிரி. 1965-இல் ஒரு மனிதரின் வாயிலேயே திருகை வைத்துவிட்டார்.

இப்போது என் கவலை வேறு. முதல் நாள் திருகு கெட்டியாகத்தான் நிற்கும், மரத்தில் முடுக்கியது போல. அப்புறம் நசுங்கிய பழைய எலும்பை உடம்பே அரித்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. பழையது போய், புதியது முற்றாத மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் பிடி ரொம்பத் தளர்வு. எனக்கு இது நான்காம் வாரம்! இந்தச் சமயத்தில் சும்மா அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும், பிறகு கழற்ற வேண்டியதுதான். என் நாக்கோ சொன்ன பேச்சு கேட்பதில்லை, அங்கேயே போய் நிற்கிறது. பேத்தி "தாத்தா, நாக்கு!" என்று அதட்டுகிறாள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும் சிகரெட்டை விடாதவர்களுக்கும் இது தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். உன் முகம்தான் வந்தது. பல்லுக்காகச் சொல்லவில்லை. போன தடவை எழும்பூர் ஸ்டேஷன் படியில் நீ மூன்று முறை நின்றாய். செருப்பு வாரைச் சரிசெய்வது போல நானும் குனிந்துகொண்டேன். என் செருப்புக்கு வாரே கிடையாது, கவனித்தாயா? திருச்சியிலேயே நல்ல டாக்டரிடம் காட்டு. காட்டிவிட்டு எனக்கு எழுது.

இந்தத் தீபாவளிக்கு எனக்கு இட்லிதான். எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருந்தால் பொங்கல் வாக்கில் திருகுக்கு மேலே பல் மாதிரி கேப் மாட்டுவார்கள். வரும்போது மணப்பாறை முறுக்கு கொண்டுவா, நான் இடது பக்கமாகவே கடித்துக்கொள்கிறேன்.

உன்,
கட்டை